ஊருக்குப் போய் கெஸ்ட் ஹவுஸ் திறக்கப்போகும் தோழர்களுக்கு



இந்த வருஷம் மட்டும் எனக்கு மூன்று 'பிளான்' வந்துவிட்டது. ஒன்று பிடிஎஃப் ஆக, படங்களோடு வந்தது. இன்னொன்று வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிடக் குரல் பதிவு. மூன்றாவதை, ஒரு ஊர்வலம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கேக்க, பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி ஒரு தோழர் சொன்னார். மூன்றும் ஒரே பிளான்தான். லண்டனில் இனி ஏலாது. யாழ்ப்பாணத்துக்குப் போய், தீவுப் பக்கமோ வடமராட்சிப் பக்கமோ நாலு பரப்புக் காணி வாங்கி, பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி, ஐந்தாறு அறையோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் திறக்கிறது. முற்றத்தில் வேம்பு, காலமை புட்டும் சம்பலும், பின்னேரம் பனங்கள்ளு, விறாந்தையில் ஒரு புத்தக அலுமாரி. பெயரில் எப்படியாவது 'வேர்' என்ற சொல் வந்துவிடுகிறது.

அந்த ஆசையோடு எனக்குச் சண்டை இல்லை. வாடகை கட்டிக் களைத்தவர்கள், இரண்டு வேலை செய்துகொண்டு கூட்டத்துக்கும் வருகிறவர்கள், தங்கள் மொழியில் ஒரு காலைப்பொழுது விடியவேண்டும் என்று ஏங்குகிறவர்கள். நானும் அப்படித்தான். ஒருவர் வந்து 'நான் ஒரு சின்ன வியாபாரம் தொடங்கப்போறன்' என்று சொன்னால், 'நல்லா நடக்கட்டும்' என்று வாழ்த்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வந்த மூன்று பிளானிலும் அப்படி ஒரு வசனம் இல்லை. 'ஊர் திரும்பல்' என்று இருந்தது. 'மண்ணை மீட்டல்' என்று இருந்தது. 'காலனிய நீக்கம்' என்றுகூட இருந்தது. அந்தச் சொற்களைக் காட்டி எங்கட கூட்டத்திலேயே காசும் சேர்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்பம். 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது. அதே வருஷம் மே மாதம் 360 ரூபாய். 2025இல் ஒரு பவுணுக்கு 400 ரூபாய் அளவில் வந்தது. 2025 ஏப்ரலில் இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக இருந்தது. அதே மாதத்தில் பிரித்தானியாவில் 21 வயது தாண்டியவருக்குக் குறைந்தபட்சம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. வகுத்துப் பாருங்கோ. நீங்கள் ஒரு கோப்பிக் கடையில் ஆறு மணித்தியாலம் நிற்கிற காசு, அங்கே ஒருவருக்குச் சட்டப்படி ஒரு மாதம் கொடுத்தால் போதும் என்கிற சம்பளத்தைவிடக் கூட. 'இங்க ஒரு கராஜ் வாங்கேலாது, அங்க ஒரு வீடே வாங்கலாம்' என்று பிடிஎஃப்பில் எழுதியிருந்த தோழருக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்காது. அந்த வருஷம் மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்கள் கடலுக்குப் போகமுடியாமல் கரையில் நின்றார்கள். சனம் காஸ் சிலிண்டருக்கு இரவிரவாக வரிசையில் நின்றது. அந்த வீழ்ச்சிதான் எங்கட சேமிப்பை அங்கே பெரிய காசாக்கியது. இதைப் பயன்படுத்துவது பாவமா இல்லையா என்று நான் கேட்கவில்லை, மதப் பிரசங்கம் செய்ய எனக்கு ஆசையில்லை. இது மூலதனம், இதற்கு மூலதனத்தின் குணம்தான் இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் குணம் காணி வாங்கும்போதே தெரியத் தொடங்கும். வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் விலக்கு. எங்களில் பாதிப்பேருக்கு அது இல்லை, இங்கே பிறந்து சிவப்போ நீலமோ ஒரு பாஸ்போட்டோடு வளர்ந்தவர்கள். அப்போ என்ன செய்கிறார்கள்? மாமியின் பெயரில் எழுதுகிறார்கள். சித்தியின் பெயரில் எழுதுகிறார்கள். காகிதத்தில் சித்தி சொந்தக்காரி. வாட்ஸ்அப் குழுவில் சித்தி 'மனேஜர்'. உண்மையில் சித்திதான் சமையல்காரி, துப்புரவு, காவல், விருந்தாளி இரவு இரண்டு மணிக்குப் பலாலியில் இருந்தோ கொழும்பு பஸ்ஸிலோ வந்து இறங்கினால் எழும்பிக் கதவு திறக்கிற ஆள். குரல் பதிவில் வந்த பிளானில் ஊழியர் செலவு பற்றி நான் கேட்டேன். 'அது பிரச்சினை இல்லை, சித்தி சமைப்பா' என்று பதில் வந்தது.

தோழர், நீங்கள் இங்கே வீட்டுவேலையின் ஊதியம் பற்றிப் பட்டறை நடத்தியவர். பராமரிப்பு வேலை கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, தினமும் ஆறு விருந்தாளிக்கு இடியப்பம் பிழியப்போகிற ஒரு மனிசியின் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, லீவு நாள், இதில் ஒன்றாவது அந்தப் பிளானில் எழுதியிருக்கிறதா? 'குடும்பம்தானே' என்பது எல்லா முதலாளியும் சொல்கிற வசனம்.

இனி அந்த நாற்சார் வீடு. பிடிஎஃப்பில் இருந்த படங்களில் மிக அழகானது அதுதான், நானும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றிவரத் தூண், பனஞ்சலாகை போட்டு ஓடு வேய்ந்த கூரை, வாசலில் திண்ணை. 'எமது மூதாதையரின் வாழ்வியலை விருந்தினர் அனுபவிக்கலாம்' என்று கீழே ஒரு வசனம். எந்த மூதாதையர்? யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு கட்டக்கூடிய அளவுக்குக் காணியும் பணமும் இருந்தது யாருக்கு? பெரும்பாலும் வெள்ளாள நிலவுடைமைக் குடும்பங்களுக்கு. நான் இதை வெளியில் நின்று சொல்லவில்லை, நானும் அந்தச் சாதியில் பிறந்த ஆள்தான். அந்த வீட்டின் கட்டடக்கலையே ஒரு வரைபடம். யார் திண்ணை வரைக்கும் வரலாம், யார் முற்றம் வரைக்கும் வரலாம், யார் படலைக்கு வெளியே நின்றுதான் கூப்பிடவேண்டும், யார் கிணற்றில் வாளி போடக்கூடாது, யாருக்குத் தேத்தண்ணி சிரட்டையிலோ வேறு பேணியிலோ ஊற்றவேண்டும் என்று அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. வீடே சொன்னது.

இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களுக்கு 1966 ஒக்டோபர் 21 என்ன நாள் என்று நான் விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராகப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்தது. அடித்த பிறகும் ஊர்வலம் போனது. வருஷாவருஷம் அதை நினைவுகூருகிறோம், போஸ்டர் போடுகிறோம். அதற்குப் பின்னால் நடந்த சண்டையில் பெரிய பங்கு தேநீர்க்கடைக்குள்ளே போய் உட்கார்ந்து மற்றவர் குடிக்கிற அதே கிளாசில் குடிக்கிறதுக்கு. பிறகு கோயில் வாசல்கள், 1968இல் மாவிட்டபுரம். விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு எங்கட ஊரில் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. யாருக்கு உணவு கொடுப்பது, எங்கே இருத்திக் கொடுப்பது, எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்பதற்காகச் சனம் அடிபட்டிருக்கிறது, செத்திருக்கிறது. அந்த முற்றத்தை எடுத்து, அந்தக் கதையைக் கழுவித் துடைத்து, 'பாரம்பரியம்' என்று ஒரு இரவுக்கு எழுபது பவுணுக்கு விற்கிறது எப்படி இடதுசாரி வேலையாகும்?

இன்னுமொன்று கேட்கிறேன், கோபிக்காதேங்கோ. அங்கே சமைக்க யாரை வைப்பீர்கள்? கக்கூஸ் கழுவ யாரை வைப்பீர்கள்? போன வருஷம் ஆய்வு வேலைக்காக இரண்டு மாதம் யாழ்ப்பாணத்தில் நின்றபோது, வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய விடுதியில் நானும் ஒரு கிழமை தங்கினேன். நல்ல மனிதர், முற்போக்கான பேச்சு, சுவரில் சே படம். சமையலறைக்குள் நின்ற பெண்ணும் வளவு கூட்ட வருகிற பெண்ணும் ஒருவர் இருக்கிற இடத்துக்கு மற்றவர் வரவேயில்லை. ஒருத்தி குசினிக்குள், மற்றவ குசினி வாசலுக்கு வெளியே. கூட்டுகிறவ தன்னுடைய தண்ணிப் போத்தலை வீட்டில் இருந்து கொண்டுவந்தா. யாரும் தடை சொன்னதாக இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாமலே அந்த வீடு இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் ஐந்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறார், அவருக்கு இது தெரியவே வராது. தூரத்தில் இருந்து முதலாளியாக இருப்பதன் வசதி அதுதான்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிளான் இரண்டில் நீச்சல் குளம் இருந்தது. குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும், அதைத்தான் மிச்ச மாதங்களில் குடிக்கிறதும், குளிக்கிறதும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறதும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே இருந்து உப்பு ஏறும். தீவுப்பகுதியில் பல கிணறுகள் ஏற்கனவே சவர். பக்கத்து வளவில் ஒரு மனிசி கோடையில் நல்ல தண்ணிக்குக் குடத்தோடு நடக்கேக்க, நீங்கள் நீல ஓடு பதித்த தொட்டியை மோட்டர் போட்டு நிரப்புவீர்களா?

இப்போ முக்கியமான பதிலுக்கு வருகிறேன். நான் இதையெல்லாம் சொன்னபோது மூன்று பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: 'நாங்கள் வாங்காட்டி ஆமி வாங்கும், இல்லாட்டிக் கொழும்புக் கம்பனி வாங்கும்.'

இது லேசான வாதம் இல்லை, ஒரு பாதி உண்மை. காங்கேசன்துறையில் 1990இல் சனத்தை எழுப்பிய உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் தல்செவன என்று கடற்கரை விடுதி நடத்துகிறது. காரைநகர்ப் பக்கம், ஒருகாலம் சிறையாக இருந்த கடற்கோட்டையைக் கடற்படை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறது. 2009 மேயில் எங்கட சனம் கடைசியாகத் தத்தளித்த நந்திக்கடல் கரையில், போர் முடிந்து சில வருஷங்களிலேயே இராணுவம் சுற்றுலா விடுதி திறந்தது. அந்தப் படுகொலைக் கரையில் 'சூரிய அஸ்தமனம் பார்க்க ஏற்ற இடம்' என்று விளம்பரம் செய்கிற ஆட்களுக்கு நாங்கள் இங்கே புறக்கணிப்பு நடத்தியிருக்கிறோம். தமிழருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. கிழக்குக் கரையில் பாணமையில் 2010இல் சிங்களமும் தமிழும் கலந்து வாழ்ந்த விவசாயக் குடும்பங்களைத் துரத்திவிட்டுப் படை முகாமும் விடுதியும் வந்தன. சுற்றுலா என்பது இலங்கையில் காணி பிடிப்பதற்கு ஒரு சீருடை.

ஆனால் அந்தச் சீருடையை நாங்களும் போட்டுக்கொள்வதால் எந்தக் காணி மீளும்? யோசித்துப் பாருங்கோ. இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணியை நீங்கள் விலைக்கு வாங்கப்போவதில்லை, அது விற்பனைக்கு இல்லை. நீங்கள் வாங்கப்போவது, காசுத் தேவையால் விற்கிற ஒரு ஊர்க்காரரின் காணியை. மகளுக்குச் சீதனம், வங்கிக் கடன், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக் காசு. அவரிடம் இருந்து உங்களுக்குக் கை மாறும்போது இராணுவத்துக்கு ஒரு அடி நிலமும் குறையாது. பக்கத்து வளவின் விலை மட்டும் ஏறும். அங்கேயே பிறந்து அங்கேயே வேலை செய்கிற ஒரு ஆசிரியையோ மேசனோ இனி அந்தத் தெருவில் காணி வாங்கமுடியாது. ஊரில் காணி விலையை யார் ஏற்றினது என்று யாழ்ப்பாணத்தில் எந்தத் தரகரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

மீண்ட காணி எப்படி மீண்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்புச் சனம் 2017 ஜனவரி கடைசியில் விமானப்படை முகாம் வாசலில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு மாதம் பனியில் வீதியோரம் படுத்தார்கள், மார்ச் முதலாம் திகதி உள்ளே போனார்கள். இரணைதீவு இன்னும் பெரிய கதை. 1992இல் இடம்பெயர்ந்த மீனவச் சனம், தீவில் கடற்படை. 2017 மே 1 போராட்டம் தொடங்குகிறார்கள், முன்னுக்கு நின்றது பெண்கள். கொழும்புக்குப் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், 'பார்க்கிறம்' என்ற பதிலை ஒரு வருஷம் கேட்டார்கள். 2018 ஏப்ரல் 23 தாங்களே படகுகளில் ஏறிப் போய்த் தீவில் இறங்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இடிந்த வீடுகளுக்கு நடுவில் சமைத்துத் தங்கினார்கள். அவர்கள் போனது தொழிலுக்கு. அந்தக் கடலில் இறங்கினால்தான் நண்டும் கடலட்டையும், அந்தத் தீவில்தான் அவர்கள் வைத்த தென்னை. ஊர் திரும்பல் என்ற சொல்லை நாங்கள் பாவிக்கும்போது எனக்கு இந்தப் படகுகள் ஞாபகம் வருகின்றன. அந்தச் சொல்லை ஒரு முன்பதிவு இணையத்தளத்தில் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

2025இல் நடந்ததையும் சொல்லவேண்டும். மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை நிரூபிக்காவிட்டால் அது அரச காணி. பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும். உறுதி போரில் எரிந்தவர்கள், முகாமில் தொலைத்தவர்கள், சொந்தக்காரர் கனடாவில் செத்து வாரிசுகள் நாலு நாட்டில் இருக்கிறவர்கள், இவர்கள் மூன்று மாதத்துக்குள் எதை நிரூபிப்பது? அதைத் தடுத்தது ஊரில் எழுந்த எதிர்ப்பும் வழக்கும். உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, ஜூன் கடைசியில் அரசாங்கம் வர்த்தமானியை வாபஸ் வாங்கியது. அந்த மூன்று மாதமும் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் என்ன கதைத்தோம் என்று போய்ப் பாருங்கோ. நான் பார்த்தேன். வர்த்தமானி பற்றி ஆறு செய்தி. கெஸ்ட் ஹவுஸ் பெயருக்கான வாக்கெடுப்புக்கு நாற்பத்தொரு பேர் வாக்களித்திருக்கிறோம்.

'வேலை வாய்ப்பு வரும்' என்பது அடுத்த வாதம். வரும்தான், நாலைந்து பேருக்கு. ஆனால் எப்படிப்பட்ட வேலை? 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு விருந்தாளி இல்லை. 2020 மார்ச்சில் கோவிட்டுக்கு விமான நிலையமே மூடியது. நிமிரேக்க 2022, பெற்றோல் இல்லை. நாலு வருஷத்துக்குள் மூன்று அடி. அந்த மூன்று முறையும் லண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்கு லண்டன் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அறை கூட்டிய பெண்ணுக்கு வேலை போனது. விருந்தாளி தருகிற காசிலும் முன்பதிவுத் தளம் 15 வீதம் அளவில் வெட்டும்; மிச்சம் உங்கள் பிரித்தானியக் கணக்குக்கு வந்தால் யாழ்ப்பாணத்துக்கு அதில் போவது மரக்கறிக் காசும் சம்பளமும்தான். இதற்கு நடுவில், தன் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டு மைக்ரோ கடன் கட்டுகிற ஒரு ஊர்ப் பெண் இருப்பா. அவவுக்கு ஏசி இல்லை, ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதத் தெரியாது, ட்ரோன் படம் இல்லை. அவவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அவவிடம் போய்த் தங்குங்கோ என்றுதான் சொல்வேன். உங்கட 'வேர்' திறந்த அடுத்த மாதம் அவவின் இரண்டு அறையும் காலியாகும்.

நான் இப்போது படிக்கிற இடம் வேல்ஸின் வடமேற்கில், குவினெத். இங்கே வந்த பிறகுதான் எங்கட பிளான்களை மற்றக் கண்ணால் பார்க்கப் பழகினேன். கடற்கரைக் கிராமங்களில் வீடுகளை இங்கிலாந்துக் காசு வாங்குகிறது. கோடையில் ஆறு கிழமை வெளிச்சம், பிறகு ஜன்னல் எல்லாம் இருட்டு. அபெர்சோக்கில் ஆரம்பப் பள்ளிக்கூடம் பத்துப் பிள்ளைகூட இல்லாமல் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. அது வேல்ஸ் மொழியில் படிப்பித்த பள்ளிக்கூடம். வாங்கினவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் நகரத்தில் களைத்தவர்கள், அவர்களும் ஆட்டுப் பாலும் அமைதியும் தேடி வந்தவர்கள். சிலர் ஊர்ப் பெயரையே விடுதிக்கு வைத்து, அந்த ஊர் மொழியில் 'வாங்கோ' என்று பலகையும் எழுதியிருக்கிறார்கள். இங்கத்தைய சனம் பதிலுக்குத் தனித்தனியாக விடுதி திறக்கப் போகவில்லை. 'வேல்ஸ் விற்பனைக்கு இல்லை' என்று ஊர்வலம் போனார்கள். இரண்டாம் வீட்டுக்கு உள்ளூர் வரியில் 300 வீதம் வரை மேலதிகமாக அறவிடச் சட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் இருந்து ஒரு குடியிருப்பு வீட்டை விடுமுறை விடுதியாக மாற்றுவதற்கு முதலே அனுமதி எடுக்கவேண்டும் என்று இந்த மாவட்டசபை விதி கொண்டுவந்தது. சொந்தக்காரர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், சண்டை சுலபமில்லை. எங்கட குழுவில் எத்தனை பேர் அந்த 'விற்பனைக்கு இல்லை' ஸ்டிக்கரை மடிக்கணினியில் ஒட்டியிருக்கிறீர்கள்? அதே மடிக்கணினியில்தான் அந்தப் பிடிஎஃப்பும் தயாரானது.

'அப்போ எங்களுக்கு ஊர் இல்லையா?' என்று ஒரு தோழர் கண் கலங்கிக் கேட்டார். இருக்கு. அம்மம்மா பிறந்த ஊருக்குப் போக எனக்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை. போய் இருங்கோ. வாடகைக்கு ஒரு வீடு எடுங்கோ, படிப்பியுங்கோ, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுங்கோ, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளைக் குடியுங்கோ, ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து கேளுங்கோ. அங்கே உங்களுக்கு முதலாளி என்ற இடம் மட்டும்தான் காலியாக இருக்கிறது என்று யார் சொன்னது? பத்து வருஷம் இங்கே 'வீடு பண்டமல்ல' என்று கத்திவிட்டு, பலாலியில் இறங்கின உடனே முதல் செய்கிற வேலை வீட்டைப் பண்டமாக்குவதா?

ஒரு வேலை இருக்கிறது, அதை எங்களால் மட்டும்தான் செய்யமுடியும். எங்கட குடும்பங்களுக்கு அங்கே ஏற்கனவே காணி இருக்கிறது. சும்மா கிடக்கிறது. படலையில் பூட்டு, உள்ளே நாயுண்ணியும் இடிந்த கிணற்றுக்கட்டும். என் அம்மம்மாவின் வளவு ஏழு பரப்பு, இப்போது பதினொரு பங்குகாரர், ஐந்து நாட்டில். 2003க்குப் பிறகு அதில் ஒருவரும் ஒரு கத்தரிக்கன்றுகூட நடவில்லை. இந்த நிலைமையில் வலிகாமத்தில், போர் முடிந்து பல வருஷத்துக்குப் பிறகும் முகாமிலேயே மிஞ்சி நின்ற குடும்பங்கள் யார்? பெரும்பகுதி சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். இராணுவம் காணியை விட்டபோது உறுதி இருந்தவர்கள் திரும்பினார்கள். முந்தியும் காணி இல்லாதவர்களுக்குத் திரும்ப இடமில்லை.

அந்தப் பூட்டை ஏன் திறக்கேல்லை என்று பெரியவர்களைக் கேட்டால் ஒரு பயம் சொல்வார்கள்: 'பத்து வருஷம் இருந்தால் ஆட்சியுரிமை கேட்பாங்கள்.' 1871இன் காலாவதிச் சட்டத்தில் அந்தப் பத்து வருஷம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, எதிர்த்து ஆளுகிறவருக்கு. குத்தகை எழுதி, சொந்தக்காரரின் சம்மதத்தோடு இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதவேண்டும், அவ்வளவுதான். பங்குகாரர் எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டும், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் முடித்து அனுப்பவேண்டும். அலுப்பான வேலை. படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று கெஸ்ட் ஹவுஸ் பிளானுக்குச் செலவழித்த நேரத்தில் முப்பது குடும்பக் காணிக்கு இந்தக் காகிதத்தை முடித்திருக்கலாம். என் அம்மம்மாவின் பதினொரு பங்குகாரரில் எட்டுப் பேர் ஓம் என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் யோசிக்கிறார்கள். ஒரு பெரியப்பா, 'ஆரை விடப்போறாய்?' என்று சாதியைக் கேட்டார். அவரோடு சண்டை நடக்கிறது, அதைப் பற்றி வேறொரு முறை எழுதுகிறேன்.

அடுத்த வர்த்தமானி வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வந்தால் மூன்று மாதம்தான். அதனால் ஒரு கோரிக்கை. இந்தக் கிழமை வீட்டுக்குப் போய், அம்மா அப்பாவின் அலுமாரியில், சாறிக்குக் கீழேயோ பழைய பிஸ்கட் ரின்னுக்குள்ளேயோ கிடக்கிற உறுதியைத் தேடி எடுங்கோ. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, எல்லைகள், பங்குகாரர் பட்டியல், இறந்தவர்களின் மரணச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கோ. வாசிக்க விளங்காத பழைய உறுதித் தமிழ் என்றால் படம் எடுத்துக்கொண்டு வாங்கோ, வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் கெஸ்ட் ஹவுஸ் நிதி சேகரிப்புக்கு ஒதுக்கியிருந்த நாற்பது நிமிடத்தை இதற்குத் தரும்படி ஒருங்கிணைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.